சுற்றுச்சூழல் அறிவியல்: நம் ஊர்ப் பிள்ளைகள் படிக்க வேண்டிய இரண்டாண்டுப் படிப்பு



பி.எஸ்சி. முடித்த பிள்ளைகள் அடுத்து என்ன படிக்கலாம் என்று நம் அறக்கட்டளையின் கல்விப் பிரிவுக்கு வந்து கேட்கிறார்கள். எம்.எஸ்சி. வேதியியல், எம்.சி.ஏ., எம்.பி.ஏ., பி.எட். என்ற நான்கைந்து பெயர்களுக்குள்ளேயே பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடுகிறது. எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயரை யாரும் தாமாகச் சொல்வதில்லை. பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு அது மிகவும் தேவையான படிப்பு. அது என்ன, யார் சேரலாம், என்ன செலவு, என்ன வேலை, எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் விளக்குகிறோம்.

நமக்கும் இந்தப் படிப்புக்கும் என்ன தொடர்பு?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பெயரைச் சொன்னாலே தோல் தொழில் நினைவுக்கு வரும். இந்தத் தொழிலால் நம் பள்ளிவாசல்கள் எழுந்தன, மதரஸாக்களும் கல்லூரிகளும் நடந்தன, ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிந்தது. அதே தொழிலின் கழிவுநீரால் கிணறுகள் உவர்ந்தன, நிலங்கள் பயிருக்கு உதவாமல் போயின. தோலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் நம்மில் உண்டு. கெட்ட தண்ணீரோடு வாழும் குடும்பங்களும் நம்மில் உண்டு. நம்மைச் சுற்றியுள்ள கிராமங்களின் விவசாயிகளுக்கோ தொழிலின் லாபத்தில் பங்கில்லை. நஷ்டத்தில் மட்டும் பங்கு உண்டு. அண்டை அயலாரின் உரிமை பற்றி மார்க்கம் எவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிறது என்பதை நாம் அறிவோம்.

இந்த விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியது. அந்தத் தீர்ப்பில் மூன்று கொள்கைகள் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்கப்பட்டன. முதலாவது, பெருங்கேடு நேரும் அபாயம் இருந்தால், அறிவியல் முழு உறுதி இல்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டாவது, கெடுத்தவரே பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும், நிலத்தையும் நீரையும் சரிசெய்யும் செலவும் தர வேண்டும். மூன்றாவது, தன் தொழிலால் தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவரையே சாரும். ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் அனைவரும் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். நம் ஊரின் கதை அவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

வழக்கு அத்துடன் முடியவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் இந்தப் பிரச்சினையில் தீர்ப்பளித்து, இழப்பீடு வழங்கவும், நிலைமையைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் உத்தரவிட்டிருக்கிறது. அதாவது இன்னும் பல ஆண்டுகளுக்கு நம் பகுதியில் தண்ணீர் எடுத்துச் சோதிக்கப்படும், மண் எடுத்துச் சோதிக்கப்படும், அறிக்கைகள் எழுதப்படும். அந்த அறிக்கைகளை எழுதவும், படித்துப் புரிந்துகொள்ளவும், தவறு இருந்தால் சுட்டிக்காட்டவும் நம் ஊரில் ஆள் வேண்டும்.

நிற்கும் தண்ணீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஒரு மனிதர் நீரைச் சிறிதளவு கெடுப்பதையே தடுத்த மார்க்கத்தைப் பின்பற்றுகிறவர்கள் நாம். நிலத்தடி நீரும் ஒரு வகையில் நிற்கும் நீர்தான். அதில் கலந்தது எளிதில் வெளியேறாது.

இரண்டு ஆண்டுகளில் என்ன படிப்பார்கள்?

இது நான்கு பருவங்கள் கொண்ட முதுநிலைப் பட்டம். பாடங்களின் பெயரும் வரிசையும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சற்று மாறும். உள்ளடக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்.

முதல் ஆண்டில் அடிப்படைகள்: சூழலியல், சுற்றுச்சூழல் வேதியியல், நுண்ணுயிரியல், மண்ணும் பாறையும் நிலத்தடி நீரும் பற்றிய புவி அறிவியல், புள்ளியியல். கூடவே காற்று, நீர், மண் மாசும் அவற்றைக் கட்டுப்படுத்தும் முறைகளும், ஆய்வுக் கருவிகளைக் கையாளும் முறையும் வரும்.

இரண்டாம் ஆண்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு, அபாயகரமான கழிவு மேலாண்மை, நச்சியல், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராய்தல், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, சட்டங்கள் ஆகியவை. 1974ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம், போபால் விபத்துக்குப் பின் வந்த 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் ஆகியவை கட்டாயம் இடம்பெறும். கடைசிப் பருவத்தில் ஆய்வுத் திட்டம் ஒன்றை மாணவரே செய்து அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும்.

இது வெறும் புத்தகப் படிப்பல்ல. கிணற்றிலிருந்து தண்ணீர் எடுப்பதிலேயே பாடம் தொடங்கிவிடும். உலோகங்களைச் சோதிக்க எடுக்கும் நீரில் உடனே நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொண்டு, அளவு குறைவாகத் தெரியும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தைத் தேடுவதாக இருந்தால் அந்த அமிலத்தைச் சேர்க்கக் கூடாது. டேனரியில் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அதை விடப் பல மடங்கு நச்சு கொண்டதும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதும் ஆறு இணைதிறன் வகை. அது இருக்கிறதா என்று பார்க்க டைஃபினைல் கார்பசைடு என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் நீர் ஊதா கலந்த சிவப்பு நிறமாகும். நிறத்தின் அடர்த்தியைக் கருவியில் அளந்து குரோமியத்தின் அளவைக் கணக்கிடுவார்கள். ராணிப்பேட்டையில் 1995ல் மூடப்பட்ட குரோமியம் ஆலை ஒன்றின் வளாகத்தில் இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு குவிந்து கிடந்ததை நாம் அறிவோம். இந்தச் சோதனையின் அருமை நம் பகுதிப் பிள்ளைக்குச் சொல்லாமலே புரியும்.

ஒரு சிறு கணக்கு

இந்தப் படிப்பு எப்படிச் சிந்திக்கக் கற்றுத்தருகிறது என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு தருகிறோம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. எந்த ஒரு தொழிற்சாலையையும் குறிப்பவை அல்ல.

ஒரு கிலோ பச்சைத்தோலைப் பதனிட ஏறக்குறைய 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்பது பொதுவான மதிப்பீடு. ஒரு நாளில் 1,000 கிலோ தோல் பதனிடப்படுகிறது, கிலோவுக்கு 30 லிட்டர் என்று கொண்டால் 30,000 லிட்டர் கழிவுநீர். தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பும் பதனிடும்போது சேர்த்த உப்புகளும் அதில் கரைந்திருக்கும். கரைந்த உப்பின் அளவை டி.டி.எஸ். என்கிறார்கள். லிட்டருக்கு 10 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் வெளியேறும் உப்பு 300 கிலோ. மாதத்தில் 25 நாள் வேலை நடந்தால் 7,500 கிலோ.

கழிவுநீரை வெளியே விடுவதற்கான வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம், அதாவது 2.1 கிராம். இந்த வரம்பை எட்ட ஒருவர் என்ன செய்யலாம்? கூடுதலாக 1,13,000 லிட்டர் நல்ல தண்ணீரைக் கலந்தால் எண் 2.1க்கு வந்துவிடும். சோதனைத் தாளில் தேறிவிடலாம். ஆனால் நிலத்துக்குப் போகும் உப்பு அதே 300 கிலோ. நல்ல தண்ணீரும் வீணாயிற்று.

இன்னொரு வழி, ஆர்.ஓ. எனப்படும் சவ்வு வடிகட்டி. அதில் 21,000 லிட்டர் நல்ல நீராகத் திரும்பக் கிடைத்தது என்று கொள்வோம். மீதமுள்ள 9,000 லிட்டரில் ஏறக்குறைய 300 கிலோ உப்பும் தங்கிவிடும். லிட்டருக்கு 33 கிராம். கடல் நீரின் உப்பு ஏறக்குறைய 35 கிராம். அந்த நீரைக் கொதிகலனில் சுண்டவைத்தால் உப்பு கெட்டியாகக் கிடைக்கும். அந்த உப்பில் பல வேதிப்பொருள்கள் கலந்திருப்பதால் எளிதில் விற்க முடியாது. மழை படாத கொட்டகையில் பத்திரமாக வைக்க வேண்டும். கூரை ஒழுகினால் மீண்டும் நிலத்துக்கே போகும்.

மாணவர் இதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றுதான்: எதுவும் காணாமல் போவதில்லை. ஒரு பொருள் உள்ளே எவ்வளவு வந்தது, வெளியே எவ்வளவு போனது, மீதி எங்கே இருக்கிறது என்று கடைசி கிராம் வரை கேட்பதே இந்த அறிவியலின் அடிப்படை. "சுத்திகரிப்பு நிலையம் வைத்துவிட்டோம்" என்ற பதிலும், "எல்லாம் நாசமாகிவிட்டது" என்ற பதிலும் இந்தக் கேள்விக்கு முன்னால் போதாது. குடிநீரில் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே விரும்பத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாதபோது 2,000 வரை ஏற்கலாம், மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். நம் மஹல்லாவின் ஆழ்குழாய்க் கிணற்று அறிக்கையை இந்த மூன்று எண்களோடு ஒப்பிட்டுச் சொல்ல ஒரு பிள்ளை இருந்தால் எவ்வளவு நன்மை!

யார் சேரலாம், எங்கே சேரலாம்?

வேதியியல், விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிர்த் தொழில்நுட்பம், புவியியல் போன்ற அறிவியல் பாடங்களில் இளநிலைப் பட்டம் பெற்றவர்களைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. சில இடங்களில் பொறியியல், வேளாண்மைப் பட்டதாரிகளும் சேரலாம். குறைந்தபட்ச மதிப்பெண் இடத்துக்கு இடம் மாறும்.

தமிழ்நாட்டில் கோவை பாரதியார் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் சுற்றுச்சூழல் அறிவியல் துறைகள் உள்ளன. நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இத்துறை மையம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் மேலாண்மைத் துறை உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கை அறிவிப்பு பட்டத் தேர்வை ஒட்டி, கோடையில் வரும்.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர விரும்புவோர் தேசியத் தேர்வு முகமை நடத்தும் க்யூட் முதுநிலை நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் இவ்வழியில் சேர்க்கின்றன. இதற்கான விண்ணப்பம் இளநிலை மூன்றாம் ஆண்டு நடக்கும்போதே, குளிர்காலத்தில் வந்துவிடும். நம் பிள்ளைகள் பலர் ரிசல்ட் வந்த பிறகு தேடத் தொடங்கி இந்த வாய்ப்பை இழக்கிறார்கள். இந்தத் தவறு இனி வேண்டாம்.

வேலையை விட முடியாதவர்கள், வீட்டுப் பொறுப்பு உள்ளவர்கள் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியலை எடுக்கலாம். அஞ்சல் வழி என்பதால் ஆய்வகப் பயிற்சி குறையக்கூடும். அதை ஏதாவது ஒரு சோதனைக் கூடத்தில் பயிற்சி பெற்று ஈடுசெய்ய வேண்டும்.

செலவும் சலுகையும்

அரசுப் பல்கலைக்கழகத் துறைகளில் கட்டணம் தனியார் கல்லூரிகளை விடப் பொதுவாகக் குறைவு. விடுதியும் உணவும்தான் பெரிய செலவு. தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள்ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. வகுப்புச் சான்றிதழில் பிரிவு சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு மாநிலச் சான்றிதழ் செல்லாது. மத்தியப் பட்டியலில் உள்ள பிரிவினர் அதற்கென்று தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் வாங்க வேண்டும்.

வட்டிக் கடனில் விழாமல் படிக்க வைப்பது நம் பொறுப்பு. ஜமாஅத்தின் பைத்துல்மாலும், வட்டியில்லாக் கடன் தரும் நம் அமைப்புகளும் இதற்குத்தான் இருக்கின்றன. ஜகாத் நிதியிலிருந்து ஏழை மாணவருக்கு உதவுவது பற்றி உங்கள் பகுதி ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பொருள் படைத்த டேனரி உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊரில் ஒரே ஒரு பிள்ளையை இந்தப் படிப்புக்கு அனுப்பும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை திரும்பி வந்து உங்கள் கழிவுநீரைப் பற்றி உங்களுக்குப் பிடிக்காத உண்மையைச் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை கிடைக்குமா?

உள்ளதை உள்ளபடி சொல்கிறோம். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் சுற்றுச்சூழல் விஞ்ஞானி என்ற பதவி இருக்கிறது. ஆனால் அறிவிப்பு எப்போதாவதுதான் வரும். வேதியியல், நுண்ணுயிரியல் பட்டதாரிகளும் போட்டியிடுவார்கள். அரசு வேலை ஒன்றையே நம்பி இதில் சேரக் கூடாது. பள்ளி ஆசிரியராக விரும்புகிறவர் வேதியியல், விலங்கியல் போன்ற பள்ளிப் பாடங்களில் முதுநிலை படிப்பதே பொருத்தம். மேல்நிலைப் பள்ளிகளில் இந்தப் பாடத்துக்குத் தனி முதுநிலை ஆசிரியர் பணியிடம் கிடையாது.

வாய்ப்பு அதிகம் உள்ள இடங்கள் வேறு: பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள், அங்கீகாரம் பெற்ற சோதனைக் கூடங்கள், தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்கள், தொழிற்சாலைகளின் சுற்றுச்சூழல் பிரிவுகள். காலணி ஏற்றுமதி செய்யும் நம் ஊர்களுக்கு இது நேரடித் தேவை. 2015 மே மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உடலில் படும் தோல் பொருள்களில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அளவு மீறினால் சரக்கு திரும்பும். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் தண்ணீர், வேதிப்பொருள் கணக்குகளையும் தணிக்கை செய்கிறார்கள். இதற்கெல்லாம் விவரம் தெரிந்த ஆள் வேண்டும்.

தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். கருவிகளை இயக்கும் திறமையும் தெளிவாக அறிக்கை எழுதும் திறமையும் உள்ளவர்களே மேலே வருகிறார்கள். வளைகுடா செல்ல நினைப்பவர்கள், அங்கே பாதுகாப்பு அலுவலர் பணிக்கு நெபோஷ் போன்ற தனிச் சான்றிதழ் கேட்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆராய்ச்சியில் ஆர்வமுள்ளவர்கள் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் யூ.ஜி.சி. நெட் தேர்வைச் சுற்றுச்சூழல் அறிவியலிலேயே எழுதலாம். இளநிலை ஆராய்ச்சியாளர் உதவித்தொகைக்குத் தேர்வானால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். 2021 முதல் கேட் தேர்விலும் இதற்கான தாள் உண்டு. சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நம் தொழிலுக்காகவே ஏற்பட்ட ஆய்வுக் கூடம். நம் ஊர்ப் பிள்ளைகள் தோல் வாங்கவும் விற்கவும் மட்டும் சென்னைக்குப் போகாமல் அந்த வாசலையும் மிதிக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு

நம் பெண் பிள்ளைகள் பி.எஸ்சி. வேதியியலையும் நுண்ணுயிரியலையும் நன்றாகவே படிக்கிறார்கள். அதன்பின் பலரின் சான்றிதழ் அலமாரிக்குள் போய்விடுகிறது. சோதனைக் கூட வேலை பாதுகாப்பானது, நேரக் கட்டுப்பாடு உள்ளது. தண்ணீர் கெட்டால் முதலில் சிரமப்படுவதும் வீட்டுப் பெண்கள்தான். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருப்பவர்கள் அவர்களே. அந்தத் தண்ணீரைச் சோதிக்கும் கல்வியும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டாமா?

இப்போதே செய்ய வேண்டியவை

இளநிலை இரண்டாம் ஆண்டில் இருப்பவர்கள் வேதியியலையும் அடிப்படைப் புள்ளியியலையும் பலப்படுத்திக்கொள்ளுங்கள். இந்தப் படிப்பில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் தடுமாறுகிறார்கள். விடுமுறையில் அருகிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்தையோ சோதனைக் கூடத்தையோ அனுமதி பெற்றுப் பாருங்கள். மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் நுழைவுத் தேர்வு அறிவிப்பைக் கவனியுங்கள். வகுப்பு, வருமானம், இருப்பிடச் சான்றிதழ்களைத் தயாராக வைத்திருங்கள். விண்ணப்பம் நிரப்பவும் பாடத்தைத் தேர்ந்தெடுக்கவும் உதவி தேவைப்பட்டால் நம் கல்விப் பிரிவுக்கு வாருங்கள்.

இந்தப் பட்டம் பெற்றவரிடம் ஒரு நாள் ஓர் அறிக்கை கையெழுத்துக்கு வரும். அதில் எண் வரம்பைத் தாண்டியிருக்கும். தெரிந்தவர் ஒருவர் சற்றுக் குறைத்து எழுதச் சொல்வார். அந்த வேளையில் கையெழுத்து ஓர் அமானிதம். அந்தக் கிணற்றில் நீர் இறைக்கும் யாரும் அவருக்குத் தெரிந்தவராக இல்லாமல் இருக்கலாம். அவர்களுடைய ஹக்கு அந்த எண்ணில்தான் இருக்கிறது. அறிவோடு இறையச்சமும் உள்ள பிள்ளைகள் இந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான்.

தொழிலும் வாழ வேண்டும், தண்ணீரும் வாழ வேண்டும். இரண்டையும் காக்கும் அறிவை நம் பிள்ளைகளுக்கு வல்ல அல்லாஹ் தருவானாக! அதற்குத் துணை நிற்கும் மனதை நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.